செஞ்சிக்கு இறங்குமிடம்

திண்டிவனமும் விழுப்புரமும் தம்மைக் காண்பதற்கென்று வெளியூரார் திட்டமிட்டு வந்த ஊர்கள் அல்ல. வேறோர் இடத்தைக் காணப் புறப்பட்டவர்கள் வண்டி மாறவும், இரவு தங்கவும், கட்டுச்சோற்றைப் பிரிக்கவும், மாடு பூட்டவும் நின்ற ஊர்கள். ஆயினும், இந்த வட்டாரத்தில் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் எப்படி உருவாயிற்று, எந்த நகரம் பார்க்கத்தக்க நகரமாக வளர்ந்தது, எது ஒரு பகற்பொழுதில் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பும் இடிபாடாகச் சுருங்கிற்று என்னும் கேள்விகளுக்கு விடை தேடினால், அது இந்த இரண்டு ஊர்களின் ரயில் நிலையங்களிலும் அவற்றிலிருந்து பிரியும் சாலைகளிலும்தான் கிடைக்கிறது. செஞ்சியும் புதுச்சேரியும் பெற்ற வெவ்வேறு கதிகளை அரசர்களும் தளபதிகளும் மட்டும் தீர்மானிக்கவில்லை. இருப்புப்பாதை போட்ட பொறியாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சுற்றுலா என்னும் சொல்லே புதியது. உலா என்பது பழந்தமிழில் தலைவனோ தெய்வமோ வீதியில் பவனி வருவதைப் பாடும் சிற்றிலக்கிய வகை. அங்கே பார்ப்பவர் தம் வாசலிலும் மாடத்திலும் நிற்க, பார்க்கப்படுபவர் நகர்ந்து செல்வார். சுற்றுலாவில் இது தலைகீழாகிறது: பார்க்கப்படும் பொருள் நின்ற இடத்தில் நிற்க, பார்ப்பவர் பணம் செலவிட்டு அதைச் சுற்றி வருகிறார். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு முன்பு தமிழர் பயணமே செய்யவில்லை என்பதல்ல. யாத்திரை, தலப்பயணம், திருவிழாவுக்குப் போதல் என்று அவர்கள் ஓயாமல் நடந்துகொண்டுதான் இருந்தனர். ஆனால் யாத்திரையில் எந்த ஊருக்கு, எந்த நாளில் என்பதைப் பஞ்சாங்கமும் வேண்டுதலும் முடிவு செய்தன. கார்த்திகைத் தீபத்துக்குத் திருவண்ணாமலை, பங்குனி உத்திரத்துக்கு மயிலம், மாசியில் மயானக்கொள்ளைக்கு மேல்மலையனூர் என்று நாள் முன்பே குறிக்கப்பட்டிருந்தது. இன்ன ஊரைப் பார்ப்பதா வேண்டாமா, எத்தனை நாள் தங்குவது, எதை விடுவது என்று ஒருவர் வீட்டில் அமர்ந்து கணக்குப் போடும் பழக்கம் அதில் இல்லை.

அந்தப் பழக்கம் ஐரோப்பாவில் வளர்ந்த விதம் ஓரளவு அறியப்பட்டதே. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஆங்கிலப் பிரபுக்களின் பிள்ளைகள் ஆசிரியர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு பாரிஸ், வெனிஸ், புளோரன்ஸ், ரோம் என்று ஓராண்டு, ஈராண்டு சுற்றி வந்தனர். அதைப் 'பெரும் பயணம்' என்று வழங்கினர். 1841-இல் தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயில் அமர்த்தியபோது, பிரபுக்களின் வழக்கம் சாதாரண மக்களின் கைக்கு வரத் தொடங்கியது. அதே காலத்தில் ஜெர்மனியில் பேடக்கரும் லண்டனில் மரேயும் வெளியிட்ட கையேடுகள், ஊருக்குள் நுழையும் முன்பே எதைப் பார்க்க வேண்டும் என்று பயணிக்குச் சொல்லிக் கொடுத்தன. மரே நிறுவனம் 1859-இல் சென்னை மாகாணத்துக்கும் ஒரு கையேட்டை வெளியிட்டது. சட்டைப் பையில் கையேடு, கையில் கால அட்டவணை என்னும் இந்தப் பயணமுறை ரயிலோடு சேர்ந்து, இந்த வட்டாரம் அடங்கிய தென்னார்க்காட்டு மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது, ஏற்கெனவே இருந்த யாத்திரை ஏற்பாடுகளின் மேல்தான் அது ஏறி அமர்ந்தது.

அந்த ஏற்பாடுகள் எளியவை, ஆனால் வலுவானவை. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கவும் தூக்கவும் ஆள் உயரத்தில் நட்ட கற்களான சுமைதாங்கிகள், வழிப்போக்கர் படுத்துறங்கும் சாவடிகள், செல்வர்கள் அறமாகக் கட்டி வைத்துச் சோறும் போட்ட சத்திரங்கள், கால்நடைக்கும் மனிதருக்குமான குளங்கள் ஆகியவை பெருவழிகளில் இடைவெளி விட்டு அமைந்திருந்தன. கடற்கரையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஏறும் சாலை அவ்வாறான பெருவழிகளுள் ஒன்று. வணிகர், படைகள், அடியார்கள் என்று மூவகையினரும் அதில் நடந்தனர்.

அந்தச் சாலையின் நடுவே செஞ்சி பெரியதொரு தலைநகரமாக இருந்த காலத்தில் அதைக் கண்டவர்களுள் குறிப்பிடத்தக்கவர், 1597-இல் கிருஷ்ணப்ப நாயக்கரின் ஆட்சியின்போது வந்த போர்த்துக்கீசிய இயேசு சபைத் துறவி நிக்கோலாவ் பிமெந்தா. இந்தியாவில் தாம் கண்ட நகரங்களில் இதுவே பெரியது என்றும், லிஸ்பன் நீங்கலாகப் போர்த்துக்கல்லின் எந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் பொருள்படும் குறிப்பை அவர் விட்டுச் சென்றார். ஐரோப்பியர் ஒருவர் தம் நாட்டின் தலைநகருக்கு மட்டும் இரண்டாவதாக வைத்த அந்த ஊர், இன்று திண்டிவனம் பேருந்து நிலையத்தில் திருவண்ணாமலை வண்டியின் பெயர்ப்பலகையில் 'வழி செஞ்சி' என்று சிறிய எழுத்தில் நிற்கிறது. இந்த இறக்கத்துக்குப் போர்கள் முதற்காரணம் என்பதில் ஐயமில்லை.

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் அவற்றை முக்கோணமாக இணைக்கும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் மதிலையும் கொண்ட இந்தக் கோட்டை சுமார் 11 சதுர கிலோமீட்டர் பரப்பை வளைத்து நிற்கிறது. இராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள பள்ளம் ஒன்று குறுக்கிட, அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே உள்ளவர்களைக் கீழே உள்ள படை தொட முடியாது. இவ்வளவு இருந்தும் கோட்டை கைமாறிக்கொண்டே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தான்கள், 1677-இல் சிவாஜி, அவர் மகன் இராஜாராம் ஏழாண்டுக்கும் மேலாக முற்றுகையைத் தாங்கிய பின் 1698-இல் மொகலாயர், 1714-இல் தேசிங்கு ராஜன் வீழ்ந்த பின் ஆர்க்காட்டு நவாப், 1750 செப்டம்பரில் ஒரே இரவில் ஏறிப் பிடித்த புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் என்று வரிசை நீள்கிறது. கடைசியில் கோட்டை ஒன்றுக்கும் பயன்படாத நிலைக்கு வந்தபோது, ஊரைப்பற்றி வெளியாருக்குத் தெரிந்திருந்த செய்திகள் இரண்டு: அது ஒரு காலத்தில் வெல்ல முடியாதது, எக்காலத்திலும் காய்ச்சல் தருவது. பிரெஞ்சுப் படைவீரர் பலர் போரில் அல்லாமல் நோயில் மாண்ட இடம் என்ற பெயர் செஞ்சியோடு நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது.

புதுச்சேரியின் கதை இதற்கு நேர்மாறானது. 1674-இல் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் கால் ஊன்றிய அந்தக் கடற்கரை ஊரை 1693-இல் டச்சுக்காரர் பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுக்கும் முன், நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் வரைபடம் ஒன்றைத் தயாரித்திருந்தனர். இன்று பயணிகள் பிரெஞ்சு நேர்த்தி என்று வியக்கும் தெருவமைப்பின் அடிப்படை டச்சுக்காரருடையது என்பது பலர் கவனிக்காத செய்தி. 1761 ஜனவரியில் சரணடைந்த புதுச்சேரியை ஆங்கிலேயர் தரைமட்டமாக்கினர். 1765-இல் பிரெஞ்சுக்காரர் திரும்ப வந்தபோது கோட்டையை விட்டுவிட்டு, பழைய தெருக்கோடுகளின் மேலேயே புதிய வீடுகளை எழுப்பினர். ஆக, செஞ்சியும் புதுச்சேரியும் ஒரே ஆண்டில், ஒரே எதிரியிடம், மூன்று மாத இடைவெளியில் வீழ்ந்தவை. மதிலும் மண்டபமும் நின்ற செஞ்சியில் மக்கள் இல்லாமற் போயினர். ஒரு கல்லும் நில்லாத புதுச்சேரிக்கு மக்கள் திரும்பி வந்தனர்.

கல்லும்கூட அந்தத் திசையில்தான் போயிற்று. செஞ்சியின் வேங்கடரமணர் கோயிலிலிருந்து நெடிய கருங்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றனர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அவ்வாறு போனவை எனக் கருதப்படும் தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் 1870-இல் நிறுவிய பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் சிலையின் பின்னணியாக நின்றன; பின்னர் சிலைகள் மாறின, தூண்கள் மாறவில்லை. இன்று அங்கே காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் அந்தத் தூண்களோடு படம் எடுத்துக்கொள்ளும் பயணிகளுள் பெரும்பாலோர், செஞ்சியின் ஒரு பகுதியைத் தாம் ஏற்கெனவே பார்த்துவிட்டதை அறியாமலே ஊர் திரும்புகின்றனர்.

பக்திக்காகவும் வணிகத்துக்காகவும் அல்லாமல், காணும் ஆவலுக்காகவே இந்த வட்டாரத்துக்குள் வந்த முதல் சிலருள் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா ஒருவர். திண்டிவனத்துக்குத் தெற்கே, மயிலத்திலிருந்து புதுச்சேரி செல்லும் பாதையை ஒட்டிய திருவக்கரையில் மரங்கள் கல்லாகிக் கிடப்பதை 1781-இல் அவர் பதிவு செய்தார். ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்து வரப்பட்டு மணலில் புதைந்த அடிமரங்களில், மரச்சத்து நீங்கி மணற்சத்து குடிகொண்டதால் விளைந்த கல்மரங்கள் அவை. பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அந்த இடத்தைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்தது. அதே ஊரில் வக்கரகாளியைக் காண ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திரளும் கூட்டத்தையும் கல்மரங்களைப் பார்க்க வருவோரையும் ஒப்பிட்டால், யாத்திரையும் சுற்றுலாவும் இன்னமும் ஒரே ஊரில் ஒன்றையொன்று பாராமல் நடப்பதைக் காணலாம்.

1870-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே நிறுவனம் சென்னையிலிருந்து தெற்கே மீட்டர் பாதையைக் கொண்டு வந்தது. மீட்டர் பாதை என்பது இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இடைவெளி உடைய, அகலப்பாதையைவிடச் செலவு குறைந்த இருப்புப்பாதை. செங்கற்பட்டைத் தாண்டித் திண்டிவனம், விழுப்புரம் வழியாகக் கடலூருக்கும் காவிரிக் கழிமுகத்து நெல் விளையும் ஊர்களுக்கும் அது இறங்கியது. நெல்லும் வேர்க்கடலையும் துறைமுகங்களும் அதன் குறி. மேற்கே 28 கிலோமீட்டர் தள்ளி, மலைகளுக்கு நடுவே, ஏற்றுமதிக்கு ஒன்றும் இல்லாமல் கிடந்த செஞ்சியை நோக்கி அது திரும்ப ஒரு காரணமும் இல்லை. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 38 கிலோமீட்டர் கிளைப்பாதை திறந்தது. பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த பகுதி தனியாகப் புதுச்சேரி ரயில்வே நிறுவனத்துக்கு உரியது, வண்டியை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. பின்னர் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இன்னொரு பாதை போனது. 1920-களின் இறுதியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப்பாதையும் சேர, விழுப்புரம் ஐந்து திசைக்கும் வண்டி பிரியும் சந்திப்பாயிற்று. வரைபடத்தில் இவற்றைப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்செனத் தெரியும்: கிழக்கே திண்டிவனம்–விழுப்புரம் பாதையும் தென்மேற்கே விழுப்புரம்–திருவண்ணாமலைப் பாதையும் செஞ்சியை இருபுறமும் வளைத்துச் சென்றன, ஊரை எதுவும் தொடவில்லை. ஏழாண்டு மொகலாய முற்றுகை செய்யாத ஒன்றை, யாருக்கும் தீங்கெண்ணாத இரண்டு தண்டவாளங்கள் செய்து முடித்தன என்று சொல்வது மிகையாகத் தோன்றலாம். தொலைவுக் கணக்கைப் பார்த்தால் மிகை குறைந்துவிடும்.

மாட்டு வண்டி மணிக்கு இரண்டு, இரண்டரை மைல் போகும். திண்டிவனத்தில் இறங்கியவர் 17 மைல் கடந்து செஞ்சி சேர ஓர் இரவு முழுவதும் கூண்டு வண்டியில் வைக்கோல் மெத்தைமேல் குலுங்கியாக வேண்டும். குதிரை பூட்டிய ஜட்கா கிடைத்தால் மூன்று, நான்கு மணி நேரம். இராஜகிரியில் வெயிலுக்கு முன் ஏற வேண்டும், கிருஷ்ணகிரிக்கு மறுநாள், திரும்ப இன்னோர் இரவு. ஆக, செஞ்சியைப் பார்க்கச் சென்னைவாசி ஒருவருக்கு மூன்று நாள் ஓய்வும், சமையலுக்கு ஓர் ஆளும், பாத்திரமும் படுக்கையும் வேண்டியிருந்தன. புதுச்சேரிக்கோ விழுப்புரத்தில் வண்டி மாறினால் போதும். இறங்கிய இடத்தில் தள்ளுவண்டி நிற்கும், அதைத் தாண்டினால் கடற்கரை. தள்ளுவண்டி, அதாவது புஷ்புஷ், முன்னால் மாடோ குதிரையோ இல்லாமல் பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிச் செல்லும் வண்டி; புதுச்சேரிக்கே உரிய அடையாளமாக அது நெடுநாள் விளங்கியது.

தென்னிந்திய ரயில்வே வெளியிட்ட படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல பதிப்புகள் கண்டது. நிலையம் நிலையமாகச் செல்லும் அந்த நூலில் ஊரின் தங்குமிடம், கிடைக்கும் வண்டி, நிலைய வசதி, சந்தை நாள், பார்க்கத்தக்க இடங்கள் என்பவை குறிக்கப்பட்டன. அதைப் புரட்டியவருக்கு ஊர் என்பது நிலையத்தின் பின்னிணைப்பாகவே அறிமுகமாயிற்று; செஞ்சி திண்டிவனத்தின் கீழ் வந்தது. தங்குமிடம் என்றால் ஐரோப்பியருக்கும் அதிகாரிகளுக்கும் முசாபரி பங்களா. முசாபர் என்பது வழிப்போக்கரைக் குறிக்கும் அரபுச் சொல். அரசு கட்டிய அந்த ஓட்டு வீட்டில் அகன்ற தாழ்வாரமும் இரண்டு மூன்று அறைகளும் ஒரு காவலாளியும் இருக்க, பயணி வாடகை கட்டித் தங்கிப் பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போவார். இந்தியப் பயணிக்குச் சத்திரம். வழிகாட்டி நூலே இவ்விரண்டையும் தனித்தனியாகக் குறிப்பது வழக்கம். யார் எங்கே தங்கலாம் என்பதைப் பயணி வீட்டிலிருந்தே தெரிந்துகொண்டு புறப்பட்டார்.

சாப்பாட்டிலும் அவ்வாறே. பெரிய சந்திப்பு நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றோருக்கும் தனித்தனி இடம் இருந்தது. சுயமரியாதை இயக்கமும் பெரியாரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941-இல் ரயில்வே அந்தப் பிரிவினையைக் கைவிட்டது. பழைய கோட்டை, பழைய கோயில் என்று சுற்றுலாக் கையேடுகள் அழகாக அடுக்கும் பட்டியலுக்குப் பின்னால், பயணத்தைத் திட்டமிடுவது என்பது பலருக்கு எங்கே தண்ணீர் குடிக்க விடுவார்கள் என்பதைத் திட்டமிடுவதாக இருந்தது. அந்தக் காலத்து நிலையங்களின் அழகைப் பாராட்டி எழுதுவோர் இதையும் ஒரு வரி சேர்த்தால் தவறில்லை.

செஞ்சி முழுவதும் மறக்கப்படாமல் காத்தவர்கள் பயணிகளைவிட எழுத்தாளர்களே. 1803 அளவில் நாராயணன் கோன் எழுதிய 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' அவ்வூரைப் பற்றி உள்ளூரார் தமிழில் சொன்ன நீண்ட வரலாறு. அது கம்பெனி நில அளவையாளர் மெக்கன்சி திரட்டிய கையெழுத்துப் படித் தொகுப்பில் இடம்பெற்றது. 1878-இல் கார்ஸ்டினின் மாவட்டக் கையேடும், 1906-இல் பிரான்சிஸ் எழுதிய தென்னார்க்காடு கெஜட்டியரும் கோட்டையை விரிவாக வருணித்தன. கெஜட்டியர் என்பது ஒரு மாவட்டத்தின் நிலம், மக்கள், பயிர், வரலாறு ஆகியவற்றை அரசு அலுவலர்களுக்காகத் தொகுத்த நூல். ஆனால் அலுவலர்களைவிடச் சுற்றிப் பார்ப்பவர்களுக்கே அது மிகுதியாகப் பயன்பட்டது. 1921-இல் கோட்டை பாதுகாக்கப்பட்ட சின்னமாயிற்று. 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி. எஸ். சீனிவாசாச்சாரியின் செஞ்சி வரலாறு இன்றும் மேற்கோளாகப் பயன்படும் நூல்.

புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட ஆய்வாளர் ஒருவரையும் இங்கே சேர்க்க வேண்டும். புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழூவோ துப்ரேய், விடுமுறை நாட்களில் இந்த வட்டாரத்துக் குன்றுகளைத் தேடிச் சென்று, 1916-லும் 1918-லும் வெளிவந்த பல்லவர் தொல்பொருள்கள் பற்றிய நூல்களை உருவாக்கினார். விழுப்புரம்–செஞ்சிச் சாலையை ஒட்டிய மண்டகப்பட்டுக் குடைவரை, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்த கோயில் என்று தன் கல்வெட்டிலேயே அறிவித்துக்கொள்வது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. அதற்கு அருகில் தளவானூர், சற்றுத் தள்ளி இராஜசிம்மன் கட்டிய பனமலை. மாமல்லபுரத்துக்குச் செல்வோரில் நூற்றில் ஒருவரேனும் அங்குள்ள பல்லவக் கலையின் தொடக்கத்தைப் பார்க்க இங்கே வருகிறாரா என்பது ஐயம். மண்டகப்பட்டில் வண்டி நிற்கும் இடத்தில் நிழல்கூடக் கிடைப்பது அரிது.

பொதுமக்களிடம் செஞ்சியைக் கொண்டு சென்றது தேசிங்கு ராஜன் கதை. இருபத்திரண்டு வயதில் நவாபின் பெரும்படையை எதிர்த்து மாண்ட இராஜபுத்திர இளைஞனும், அவன் நண்பன் மகமத்கானும், அவன் குதிரையும் பற்றிய அந்தக் கதைப்பாடலைத் தெருப்பாடகர்கள் ஊர் ஊராகப் பாட, பெரிய எழுத்துப் பதிப்புகள் சந்தையில் விற்றன, 1960-இல் எம். ஜி. ஆர். நடித்த படமும் வந்தது. தேசிங்கு செஞ்சியை ஆண்டது ஓராண்டுக்கும் குறைவு. நாயக்கர்கள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆண்டு, கல்யாண மகாலையும் களஞ்சியங்களையும் வேங்கடரமணர் கோயிலையும் கட்டியவர்கள். அவர்களுக்கு ஒரு பாட்டும் வாய்க்கவில்லை. கோட்டைக்கு வருவோர் இன்றும் முதலில் கேட்பது தேசிங்கின் குதிரை எங்கே பாய்ந்தது என்பதைத்தான்.

புதுச்சேரிக்குப் போகும் வண்டியில் வேறு வகைப் பயணிகளும் இருந்தனர். 1908-இல் பாரதியார், அவரைத் தொடர்ந்து வேறு பல தேசபக்தர்கள் பிரிட்டிஷ் சட்டம் எட்டாத அந்த ஊரை நாடியபோது, போவோர் வருவோரைச் சென்னை மாகாணப் போலீஸார் கண்காணித்தனர். 1954 நவம்பர் முதல் நாள் புதுச்சேரி இந்தியாவின் பொறுப்புக்கு வரும்வரை, விழுப்புரத்தில் வண்டி மாறுவது என்பது மற்றொரு நாட்டின் ஆட்சிக்குள் நுழைவதற்கான முதற்படி. எல்லையில் சுங்கச் சோதனை உண்டு, அந்தப் பக்கம் வேறு சட்டம், வேறு மதுக்கடை விதி. கப்பல் ஏறாமலே ஐரோப்பிய நகரம் ஒன்றைக் காணும் வாய்ப்பு என்று தமிழ்நாட்டார் அதைக் கருதியதில் பொருள் உண்டு. உலகைச் சுற்றி வந்து, ஐரோப்பிய நகரங்களைத் தமிழில் எழுதிக் காட்டிய ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' போன்ற நூல்களைப் படித்து மட்டும் நிறைவடைய வேண்டியிருந்தவர்களுக்கு, விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் தேவாலயமும் வண்டிக்கதவு வைத்த மஞ்சள் வீடுகளும் கிடைத்தன.

1960-களில் தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை மீட்டர் பாதை மின்மயமானபோது, தெற்கே செல்லும் வண்டிகள் விழுப்புரத்தில் எஞ்சின் மாற்ற நின்றன. அந்த நிறுத்தத்தின் தயவில் பிளாட்பாரத்து இட்லி, வடை, தயிர்சாத வணிகம் செழித்தது. 1968 பிப்ரவரி 28-இல் வானூர் வட்டத்துச் செம்மண் மேட்டில் ஆரோவில் தொடங்கியது. அதன் பெரும்பகுதி இன்றைய விழுப்புரம் மாவட்டத்துக்குள் இருந்தும், உலகத்தார் அதைப் புதுச்சேரியின் பகுதியாகவே நினைத்து வருகின்றனர். 1993-இல் தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து விழுப்புரம் மாவட்டத் தலைநகராயிற்று. ஆனால் 1990-களின் இறுதியில் சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்ததும், புதுச்சேரிப் பயணி திண்டிவனத்தையும் விழுப்புரத்தையும் பாராமலே போய்ச் சேரத் தொடங்கினார். அகலப்பாதை வந்து தெற்கேயும் மின்மயமானபின் எஞ்சின் மாற்றும் தேவை ஒழிந்தது. நான்குவழிச் சாலை இரு ஊர்களையும் புறவழியில் ஒதுக்கியது. இறங்குமிடம் என்னும் வேலையும் மெல்ல அவற்றின் கையை விட்டுப் போகிறது.

2025 ஜூலை 11-இல் பாரிஸில் கூடிய உலக மரபுக் குழு, 'இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. சிவாஜி பிடித்ததிலிருந்து இராஜாராமின் ஆட்கள் வெளியேறியதுவரை செஞ்சியில் மராட்டியர் இருந்தது இருபத்தொரு ஆண்டு. அவர்கள் மதில்களை வலுப்படுத்தினர் என்பது உண்மைதான். ஆயினும் நாயக்கர் தலைநகரம் ஒன்று மராட்டியப் பெயரில் உலகப் புகழ் பெறுவது, வரலாற்றைவிட விண்ணப்பம் எழுதியவரின் திறமையைக் காட்டுகிறது. பெயர் எதுவானாலும் பட்டியல் பட்டியல்தான். பிமெந்தாவுக்குப் பின் நானூறு ஆண்டுகள் கழித்துச் செஞ்சி மறுபடியும் வெளிநாட்டவரின் பயணத் திட்டத்தில் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. அவர்கள் தொடர்வண்டி அட்டவணையைப் பார்த்தால் திண்டிவனம் வரைதான் இருக்கும். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் புதிய இருப்புப்பாதை போட இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஒப்புதல் கிடைத்தது. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை.